விட்ட இடத்தில் தொடங்க வேண்டாம்

மாலை ஆறரை மணிக்குத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? ‘சமயபுரம், சமயபுரம்’ என்று ஒரு குரல், ‘துறையூர் ஏறு, துறையூர்’ என்று இன்னொன்று. பின்னால் வரும் பேருந்துக்கு விசில், முன்னால் நிற்பதை நகரச் சொல்லி ஏர் ஹாரன். வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த விதியைச் சத்திரத்தில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கட்டடம் புதிதாகிவிட்டது, சத்தம் பழையதுதான்.

விட்டுப்போன பௌத்த தியானத்தை மறுபடி தொடங்குவதைப் பற்றிப் பேச இந்த இடம் பொருத்தமில்லாததுபோலத் தோன்றும். ஆனால் தியானத்தை விட்டவர்களில் பலர் அதைக் கற்றுக்கொண்டது சத்தமே இல்லாத இடத்தில். சில வருடங்களுக்கு முன் பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்குப் போயிருப்பார்கள். பேச்சில்லை, போன் இல்லை, சோற்றுக்கு மணி அடிக்கும். வீட்டுக்கு வந்ததும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். கொஞ்ச நாள் நடக்கும். பிறகு அப்பாவுக்கு ஆபரேஷன், பிள்ளைக்குப் பிளஸ் டூ, கடன் தவணை, இடமாற்றல். முதலில் மாலை உட்காருவது போகும், அப்புறம் காலையும் போகும். பாரம் தலைக்கு மேல் ஏறிய ஒரு நாளில்தான் ‘அது இருந்ததே’ என்று ஞாபகம் வரும். கதவைச் சாத்தி, கண்ணை மூடி, பழையபடி ஒரு மணி நேரம் என்று சங்கல்பம் செய்து உட்காருவார்கள். பத்து நிமிடத்துக்குள் முன்னைவிடப் படபடப்பாக எழுந்துவிடுவார்கள். ‘நமக்கு இனி இது வராது’ என்று அன்றோடு தீர்ப்பு எழுதியாகிவிடும்.

அந்தத் தீர்ப்பு தப்பு என்பதுதான் என் கட்சி. பிசகு உட்கார்ந்தவரின் மனஉறுதியில் இல்லை, அவர் எடுத்துக்கொண்ட அளவில் இருக்கிறது. நின்றுபோனபோது இருந்த உடம்பும் மூளையும் இப்போது அதே நிலையில் இல்லை. அதைக் கணக்கில் எடுக்காமல் பழைய அளவிலேயே ஆரம்பிப்பதால்தான் முறிகிறது.

நெருக்கடியில் மூளைக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கலாம். ஆபத்து என்று கண்டதும் உடம்பு இரண்டு வழிகளில் ஆயத்தமாகிறது. நரம்பு வழியாக அட்ரினலினும் நார்-அட்ரினலினும் நொடிகளில் வேலையைத் தொடங்கும். ஹைப்போதலாமஸில் கிளம்பும் உத்தரவு பிட்யூட்டரி வழியாக அட்ரினல் சுரப்பியை எட்டி, கார்டிசால் இரத்தத்தில் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது அருமையான ஏற்பாடு. மாதம் முழுக்க நீளும் கவலைக்கு ஏற்ற ஏற்பாடு அல்ல.

யேல் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞர் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்வது, இந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி என்ன பாடுபடுகிறது என்பதைத்தான். ஒரு விஷயத்தை மனதில் பிடித்து வைத்துக்கொள்வதும், குறுக்கே வரும் மற்றவற்றைத் தள்ளி வைப்பதும் இந்தப் பகுதியின் வேலை. நார்-அட்ரினலினும் டோபமைனும் மிதமாக இருக்கும்போது அது நன்றாக இயங்கும். நம் கைக்கு அடங்காத மன அழுத்தத்தில் அவை அளவுக்கு மீறும்போது, அங்கே உள்ள நரம்புச் செல்களின் இணைப்புகள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடுகின்றன. பிடி அமிக்டலா போன்ற பழைய பகுதிகளின் கைக்குப் போகிறது.

இப்போது தியானத்தின் முதல் பாடத்தைப் பாருங்கள். மூச்சை மனதில் பிடித்து வை, மற்றதை விட்டுவிடு. எந்தப் பகுதி தளர்ந்து கிடக்கிறதோ, அதே பகுதியிடம் ஒரு மணி நேர வேலையைக் கேட்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணை மூடியதும் வெளியுலகம் குறைந்து உடம்பின் உள்சத்தம் பெரிதாகிறது. இதயம் ஏற்கெனவே வேகமாக அடிக்கும்போது அதையே உற்றுக் கவனித்தால், சிலருக்கு அது இன்னும் வேகமாக அடிக்கும். பதற்றம் உள்ளவர்களில் சிலருக்குத் தளர்வுப் பயிற்சியும் மந்திர தியானமுமே பதற்றத்தைக் கூட்டுவதை 1983இல் ஹைட், போர்கோவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பதிவு செய்தார்கள்.

அளவுக்கு மீறி முயன்று முறிகிற இந்த ஆள் பாலி நூல்களுக்கும் புதியவர் இல்லை. சம்பா நகரத்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையான சோணர் துறவியான பிறகு, நடை தியானத்தில் பாதம் கிழிந்து இரத்தம் கசியும் வரை நடந்தார். பலன் கிட்டவில்லை. வீட்டுக்கே போய் அனுபவித்துக்கொண்டு தானதர்மம் செய்யலாமே என்று யோசித்தார். புத்தர் அவரிடம் வந்து கேட்டது வீணை பற்றி; சோணருக்கு வாசிக்கத் தெரியும். நரம்பை மிக முறுக்கினால் வாசிக்க முடியுமா, தளர விட்டால் முடியுமா என்று கேட்டு, முயற்சியைச் சமனாக வைத்துக்கொள்ளச் சொன்னார். துறவிகளுக்கே இந்தக் கதி என்றால், சத்திரத்தில் இறங்கி ரேஷன் கடைக்கு ஓடுகிறவருக்கு எவ்வளவு சலுகை தரலாம்!

சமனான அளவு என்றால் எவ்வளவு? அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்ன மரபுக்கும் சத்திரத்துக்கும் தூரம் அதிகமில்லை. நிலையத்திலிருந்து மேற்கே ஆட்டோ பிடித்தால் மீட்டர் சூடேறுவதற்குள் உறையூர். (மீட்டர் போட்டால் என்று சேர்த்துக்கொள்ளவும்.) கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாலி உரையாசிரியர் புத்ததத்தர் இந்த உறையூர்க்காரர். பாலியில் உரகபுரம் என்று வரும். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து ‘அபிதம்மாவதாரம்’ எழுதினார். சோழநாட்டுப் பூதமங்கலத்தில் இருந்து ‘விநயவிநிச்சயம்’ எழுதினார். அப்போது ஆண்டவன் களப்பிர மன்னன் அச்சுதவிக்கந்தன் என்று நூலே சொல்கிறது. இலங்கையிலிருந்து திரும்பும் புத்ததத்தரும், இலங்கைக்குப் போகும் புத்தகோசரும் நடுக்கடலில் சந்தித்துப் பேசிக்கொண்டதாகப் பௌத்த மரபில் ஒரு கதை வழங்குகிறது. இரு கப்பல்களும் நடுக்கடலில் அப்படிச் சந்தித்தனவா என்பது வேறு விஷயம். புத்தகோசரும் காஞ்சியில் தங்கியிருந்தவர்தான், அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அநுராதபுரத்து மகாவிகாரையில் அந்தப் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமக்கம்’ தியானத்துக்குரிய பொருள்களாக நாற்பதைக் கூறுகிறது. மூச்சு அவற்றில் ஒன்று. மூச்சைப் பிடிக்கப் புதிதாக வருகிறவர் முதலில் எண்ண வேண்டும் என்கிறது அது. அதற்குப் போடும் நிபந்தனைகள் வேடிக்கையாகவும் நுட்பமாகவும் இருக்கும். ஐந்துக்கு முன்னால் நிறுத்தாதே, பத்தைத் தாண்டாதே, நடுவில் ஓர் எண்ணை விடாதே. ஐந்துக்குக் குறைந்தால் மனம் இடம் போதாமல் தவிக்கும். பத்துக்கு மேல் போனால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதலில் நிதானமாக எண்ணு, மூச்சு தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் வேகமாக எண்ணு. எண்ணாமலே மனம் மூச்சோடு நிற்கும்போது எண்ணுவதை விட்டுவிடு.

இது ஆரம்பப் பாடம். முகாமுக்குப் போய் வந்தவர்களுக்கு இது பிள்ளை விளையாட்டாகத் தோன்றும். அந்த விபஸ்ஸனா முகாம்களை நடத்தும் கோயங்கா வழியில் எண்ணுவதே கிடையாது, வெறும் மூச்சைத்தான் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் ஜென் மரபில் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது இன்றும் அடிப்படைப் பயிற்சி.

இவ்வளவு சின்ன வேலையில் என்ன இருக்கிறது என்று சோதித்தவர்கள் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சனின் குழு 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கணினி முன் உட்காரவைத்து மூச்சை எண்ணச் சொன்னார்கள். முதல் எட்டு மூச்சுக்கு ஒரு பட்டன், ஒன்பதாவதுக்கு இன்னொரு பட்டன். எண்ணிக்கை தவறாதவர்களுக்கு மனம் அலைவது குறைவாகவும், அலைவது உடனே தெரிவதாகவும், மனநிலை நன்றாகவும் இருந்தது. நான்கு வாரம் மூச்சை எண்ணிப் பழகியவர்களின் அலைச்சல் குறைந்தது. அதே காலத்தில் நினைவாற்றல் பயிற்சி செய்தவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. எண் இங்கே இரண்டு வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். தளர்ந்த மூளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு பொருள் கிடைக்கிறது. பிடி நழுவினால் ‘பதினேழு’ என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. வெறும் மூச்சைப் பார்க்கும்போது நழுவியது தெரியவே கால் மணி நேரம் ஆகலாம்.

விட்டுத் தொடங்குவது தனி ஆளுக்கு மட்டும் நேர்வதல்ல. சத்திரத்தின் பக்கத்திலேயே இருக்கும் தூய வளனார் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையார் அதை 1844இல் தொடங்கியது நாகப்பட்டினத்தில், திருச்சிக்கு வந்தது 1883இல். இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய சூடாமணி விகாரை இருந்த நகரம் அது. அங்கே எஞ்சி நின்ற பழைய செங்கல் கோபுரத்தை 1867இல் அரசின் அனுமதி பெற்று இடித்தவர்கள் அந்த இயேசு சபையார்தான். திருச்சியில் காவிரிக்கு அக்கரையிலோ, நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் கொண்டுவந்து அந்தப் பொன்னில் ஸ்ரீரங்கத்து மதிலைக் கட்டினார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். ஆக, நாகப்பட்டினத்துப் புத்தர் இக்கரைக்குக் கல்லூரியின் கதையாகவும் அக்கரைக்கு மதிலின் கதையாகவும் வந்து சேர்ந்திருக்கிறார். இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. கதை அத்தோடு முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அதே இயேசு சபையைச் சேர்ந்த ஆமா சாமி, ஜப்பானில் காமகுரா நகரத்து யமதா கோஉன் என்ற ஆசானிடம் ஜென் பயின்றார். 1996இல் கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் ‘போதி ஜென்டோ’ என்ற தியானக்கூடம் அமைத்தார். தமிழ்நாட்டில் பௌத்தம் பல நூற்றாண்டுகள் விட்டுப்போயிருந்தது. மறுபடி வந்தபோது அது பழைய விகாரை வாசல் வழியாக வரவில்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கமாக வந்தது, 1969இல் பர்மாவிலிருந்து மும்பை வந்து முகாம் நடத்திய கோயங்காவின் வழியாக வந்தது, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் வழியாகவும் வந்தது.

மூச்சுக்குத் திரும்பலாம். நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு என்பது சாதாரணக் கணக்கு. பத்து மூச்சு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படபடப்பில் இருப்பவருக்கு எந்த மூச்சை எண்ணுவது என்ற கேள்வி வரும். விடும் மூச்சை எண்ணச் சொல்வேன், உடலியல் அதற்கு ஆதரவாக நிற்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு இறங்கும். ஆரோக்கியமான எல்லா இதயத்திலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. விடும் மூச்சு நீண்டால் இறங்கும் நேரமும் நீளும். எலிகளில் செய்த ஓர் ஆய்வு 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் மூளைத்தண்டுப் பகுதியிலிருந்து, விழிப்பையும் பதற்றத்தையும் தூண்டும் லோகஸ் செருலியஸ் என்ற மையத்துக்கு நேரடி இணைப்பு இருப்பதை அது காட்டியது. அந்தக் குறிப்பிட்ட செல்களை நீக்கியதும் எலிகள் சாதுவாகிவிட்டன. மனிதரில் இன்னும் அப்படி அறுத்துப் பார்த்தது இல்லை. ஆனாலும் மூச்சு மாறினால் மனம் ஏன் மாறுகிறது என்பதற்கு உடம்பிலேயே ஒரு கம்பி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

தியானப் பிரியர்களுக்குப் பிடிக்காத ஒரு முடிவும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் நாளுக்கு ஐந்து நிமிடம் சிலர் மூச்சைக் கவனிக்கும் தியானம் செய்தார்கள். இன்னும் சிலர் இரண்டு தடவை இழுத்து ஒரே நீண்ட பெருமூச்சாக விட்டார்கள். இரு சாராருக்கும் பதற்றம் குறைந்தது. மனநிலை அதிகம் மேம்பட்டது பெருமூச்சுக்காரர்களுக்கு. ‘அப்பாடா’ என்று துண்டை உதறித் திண்ணையில் உட்காரும் தாத்தாவுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். பௌத்தப் பயிற்சி மூச்சை நீட்டச் சொல்வதில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். நீண்டால் நீண்டது, குறுகினால் குறுகியது என்று அறிவதோடு சரி. இரண்டையும் குழப்பாமல், முதலில் நாலைந்து பெருமூச்சு விட்டு உடம்பைத் தணித்துக்கொண்டு, அப்புறம் மூச்சை அதன் போக்கில் விட்டு எண்ணுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மனம் ஓடும், ஓடாமல் இருக்காது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் செய்யும் வேலையை விட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று 2250 பேரை போனில் அவ்வப்போது கேட்டுப் பார்த்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010இல் எழுதினார்கள். எமரி பல்கலைக்கழகத்தில் வென்டி ஹேசன்காம்ப் குழு 2012இல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. தியானம் பழகிய 14 பேரை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் ஓடிவிட்டது என்று தெரிந்த கணத்தில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். மனம் ஓடிக்கொண்டிருந்தபோது சுயநினைப்பின் வலைப்பின்னல் என்று அறியப்படும் பகுதிகள் ஒளிர்ந்தன. ‘அட, ஓடிவிட்டேன்’ என்று உணர்ந்த கணத்தில் இன்சுலா போன்ற எச்சரிக்கைப் பகுதிகளும், திரும்பும்போது முன்மூளைப் புறணியின் பக்கப் பகுதிகளும் ஒளிர்ந்தன.

முப்பது தடவை மனம் ஓடிய ஓர் அமர்வில் முப்பது தடவை கண்டுபிடித்தலும் முப்பது தடவை திரும்புதலும் நடந்திருக்கின்றன. முன்மூளை வேலை செய்வது அந்தத் திரும்புதலில்தான். அதனால் படபடப்பான நாளில் நடக்கும் அமர்வு அசிங்கமாக இருக்கும், ஆனால் வீணாகாது.

சரி, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டதற்கு என்ன சொல்வது? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரை ஒரு புதுப் பழக்கம் தொடங்கச் சொல்லிப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து பார்த்தது. பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்க 18 முதல் 254 நாள் வரை ஆகலாம், நடுவாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற வாட்ஸ்அப் ஞானம் அங்கே அடிபட்டுப் போகிறது. நமக்கு வேண்டிய செய்தி இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் வேறு, ஒரு வருடம் வேறுதான். நீண்ட இடைவெளிக்கு எபிங்ஹாஸ் 1885இலேயே ஒரு குறிப்பு கொடுத்திருக்கிறார். மறந்தே போய்விட்டது என்று நினைத்த அசைகளை அவர் மறுபடி மனப்பாடம் செய்தபோது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. நினைவிலிருந்து போய்விட்டதாகத் தெரிவது முழுக்கப் போய்விடுவதில்லை. அவர் அளந்தது அசைகளை, தியானத்தை அல்ல. இருந்தாலும் பழைய ஆள் முதல் வகுப்பில் சேர்ந்தாலும் புது ஆள் ஆகிவிடுவதில்லை என்று நம்ப இடமிருக்கிறது.

விட்டதைவிட, விட்டதைப் பற்றி நாம் சொல்லிக்கொள்வதே அதிகம் கெடுக்கிறது என்று கண்டவர் ஆலன் மார்லட். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் அவர். ஒரு தடவை தவறியவர் அதைத் தன் குணத்தின் தோல்வியாகப் படித்தால் முழுக்கச் சரிவார். சூழ்நிலையின் நழுவலாகப் படித்தால் எழுந்துவிடுவார். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற நம் ஊர்ப் பேச்சு அந்த முதல் வகைக்காரருடையது. மார்லட்டே தியானம் செய்தவர், சியாட்டில் பக்கத்தில் ஒரு சிறையில் நடந்த விபஸ்ஸனா முகாமை ஆராய்ந்தவர் என்பது இங்கே கூடுதல் தகவல்.

இனி ஏர் ஹாரன். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இருவர் 1960களின் கடைசியில் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 108 டெசிபல் சத்தத்தைத் திடீர் திடீரென்று, ஒழுங்கே இல்லாமல் போட்டார்கள். சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது எல்லோரும் வேலையைச் சமாளித்தார்கள். சத்தம் நின்ற பிறகுதான் சேதம் தெரிந்தது. புதிர்களைச் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழைதிருத்தத்தில் தப்பு விட்டார்கள். வேறு சிலருக்கு ஒரு பட்டன் கொடுத்து, ‘தாங்கவே முடியாவிட்டால் அழுத்துங்கள், அழுத்தாமல் இருந்தால் நல்லது’ என்றார்கள். அவர்களுக்கும் அதே சத்தம்தான். அவர்கள் பட்டனை அழுத்தவில்லை. ஆனாலும் பின்சேதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. சத்திரத்தில் ஒன்றும் ஆகாதவர் வீட்டுக்குப் போனதும் தட்டு விழுந்ததற்குச் சீறுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தியானம் செய்பவரின் மூளை சத்தத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்குப் பழைய ஆய்வுகள் இரண்டு உண்டு, இரண்டும் எதிரெதிர். டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் 1961இல் யோகிகளின் இ.இ.ஜி. பதிவை வெளியிட்டார்கள். சமாதியில் இருந்தபோது பலத்த ஓசை, ஒளி, சூடான கண்ணாடிக் குழாய் எதுவும் அவர்களின் ஆல்ஃபா அலையைக் கலைக்கவில்லை. டோக்கியோவில் கசமட்சு, ஹிராய் 1966இல் ஜென் துறவிகளுக்கு ‘டிக்’ என்று ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். சாதாரண ஆட்களின் மூளை மூன்று நான்கு தடவையில் பழகிப்போய்க் கண்டுகொள்ளாமல் விட்டது. துறவிகளின் மூளையோ ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலவே அசைந்து, உடனே அடங்கியது. உள்ளே போனவன் யோகி, கேட்டுவிட்டு விடுபவன் ஜென் துறவி என்று இதை வைத்து அழகான புத்தகங்கள் வந்தன. 1981இல் பெக்கர், ஷப்பிரோ இருவரும் அதிக ஆட்களை வைத்துச் சோதித்தபோது யோகம், ஜென், தியானமே செய்யாதவர் எல்லோருக்கும் மூளை ஒரே மாதிரி பழகிப்போனது. அழகான கதை, பாவம், நிற்கவில்லை.

எனவே ஹாரனைக் கேட்காமல் இருக்கப் பழக வேண்டாம். கேட்டால் கேட்டது என்று அறிந்து ‘ஒன்று’க்குத் திரும்பினால் போதும். அந்தத் திரும்புதல் நம் கையில் இருக்கிறது. கிளாஸ், சிங்கர் கொடுத்த பட்டனின் வேலையை அது செய்யக்கூடும் என்பது என் ஊகம், யாரும் நிரூபித்தது அல்ல.

ஸ்ரீரங்கம் பேருந்தில் ஏறுகிறீர்கள். ‘உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க’. சிந்தாமணி அண்ணா சிலை வரைக்கும் எதுவும் செய்ய வேண்டாம். சீட்டு வாங்குங்கள், சில்லறையைச் சரி பாருங்கள். காவிரிப் பாலம் ஏறியதும் ஆரம்பியுங்கள். உட்கார இடம் கிடைத்தால் இரண்டு பாதமும் தரையில் படட்டும். நின்றால் கம்பியைப் பிடித்த கையும், அதிரும் பாதமும் போதும். கண்ணை மூடாதீர்கள். கூட்டத்தில் பையும் உடம்பும் நம் பொறுப்பில் இருக்க வேண்டும், பெண்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பார்வையை முன் இருக்கையின் முதுகில் தாழ்த்தி வைத்தால் போதும். நாலு பெருமூச்சு, பிறகு விடும் மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை. தவறினால் ஒன்று. பாலம் முடிந்து மாம்பழச்சாலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். நன்றாக வந்தாலும் நிறுத்துங்கள், இன்னும் வேண்டும் என்ற பசி இருக்கும்போதே நிறுத்துவது மறுநாளைக்கு உதவும். பக்கத்து சீட்டு அம்மா, ‘தம்பி, தூங்கிட்டீங்களா? மாம்பழச்சாலை வந்துடுச்சு’ என்று தட்டினால் அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பைக்கிலோ காரிலோ போகிறவர் இதைத் தொடவே கூடாது.

மூச்சே பயமூட்டுகிறது என்பவர்கள் உண்டு. ஆஸ்துமா, பீதித் தாக்குதல், விபத்து அனுபவம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் மூச்சை விட்டுவிட்டுப் பாதத்தை எண்ணலாம். ஸ்ரீரங்கத்தில் இறங்கி உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ நடக்கும்போது பத்து அடிக்கு ஒரு சுற்று. அங்கே வலம் வருகிறவர்கள் எப்போதும் உண்டு, நிதானமாக நடப்பவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடை தியானம் சோணர் காலத்திலிருந்து வருவதுதான், வேகம் மட்டும் அவருடையதாக இருக்க வேண்டாம்.

இதனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கூட்டாமல் சொல்ல வேண்டும். 47 சோதனைகளை, 3515 பேரின் தரவைத் திரட்டி 2014இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தியானத்தால் மிதமான பலன் உண்டு என்றது. மிதமான என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்கவும். ஜான் கபட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியை, எஸ்சிடலோப்ராம் மாத்திரையோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2022 கடைசியில் வந்தது. பதற்ற நோய்க்குப் பயிற்சி மாத்திரைக்குக் குறையவில்லை என்று அது கண்டது. மாத்திரையை நிறுத்தலாம் என்று அது சொல்லவில்லை. எட்டே வாரத்தில் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்ற பிரபலமான செய்தியை, அதே டேவிட்சனின் கூடத்திலிருந்து 2022இல் வந்த ஆய்வு உறுதி செய்யவில்லை. 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குப் பதற்றம், சோர்வு போன்ற வேண்டாத விளைவுகள் வந்ததாகக் கணக்கிட்டது.

பத்து நாள் முகாம் விண்ணப்பத்தில் மனநோய் பற்றிக் கேட்பது சும்மா இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, சாகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால் மூச்சை எண்ணுவது அப்புறம் இருக்கட்டும். 14416 என்பது அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். திருச்சிக்காரருக்குப் புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மற்றவர்கள் கேட்கும் கேள்வி எப்போது பழைய ஒரு மணி நேரத்துக்குத் திரும்புவது என்பது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2019இல் வந்த ஓர் ஆய்வில் தியானமே செய்யாதவர்கள் நாளுக்கு 13 நிமிடம் தியானம் கேட்டுப் பழகினார்கள். நாலாவது வாரம் அளந்தபோது சொல்லும்படி ஒன்றுமில்லை, எட்டாவது வாரம் கவனத்திலும் மனநிலையிலும் பதற்றத்திலும் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு மாதத்துக்குள் பலனை அளந்து பார்ப்பது விதையைத் தோண்டிப் பார்ப்பதுதான். பாலத்தில் எண்ணுவது தானாக நடக்க ஆரம்பித்த பிறகு வீட்டில் ஐந்து நிமிடம், எண்ணாமலே மனம் மூச்சோடு நின்றால் பத்து என்று ஏற்றலாம். எண்ண வேண்டியிருக்கும் வரை ஏற்ற வேண்டாம் என்பேன். முகாம் வழியில் வந்தவர்கள் மறுபடி முழுப் பத்து நாள் போக வேண்டும் என்பதும் இல்லை. முன்பு ஒரு முகாம் முடித்தவர்களைக் கோயங்கா மையங்களில் ‘பழைய மாணவர்’ என்பார்கள். அவர்களுக்கு ஒரு நாள், மூன்று நாள் முகாம்களும் நடக்கின்றன. எத்தனை வருடம் விட்டிருந்தாலும் அந்தப் பெயர் போகாது, கட்டணமும் கிடையாது, சனி ஞாயிறு லீவு கிடைத்தாலே பல இடங்களுக்குப் போய் வந்துவிடலாம்.